ஆறு கிலோக்காரி

நீர்கொழும்பு
9.3.2003

சேசு மரி சூசை

அன்புள்ள மருமகள் மேரிசுகந்திக்கு மாமா குருசுமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் இருமலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் பேத்தி அஞ்சலாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் அப்பவே சொன்னனான். போன வருஷம் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த அன்றைக்கே, இங்கே மீன்சந்தைத் தேத்தண்ணிக் கடையில் நாற்பது பேர் முன்னால் சொன்னனான்: "இருந்து பாருங்கோ, ஒரு வருஷத்துக்குள்ளை எங்கடை ஊர்காவற்றுறை நண்டு அமெரிக்காக்காரன்ரை கோப்பைக்குப் போகும்." சிரித்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கக் காணோம். எங்கள் கொம்பனி அங்கே நண்டுச் சதை எடுக்கும் கொட்டில் போட்டிருக்கிறது, நீயும் அதில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் புதினமாகவே இருக்கவில்லை. எல்லாம் நான் முன்னமே கண்ட காட்சி.

கொம்பனியில் என் பொறுப்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. நான் ஓம் என்று தலையாட்டாமல் ஒரு லொறி உள்ளே வரவோ வெளியே போகவோ ஏலாது. முதலாளி ஐயாவே தினமும் காலையில் முதலில் முழிப்பது என் முகத்தில்தான்.

உலக வியாபாரம் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்கிறேன், கேள். அங்கே ஒரு சீமாட்டி நண்டு வடை தின்ன ஆசைப்பட்டால் இங்கே உன் அடுப்பு எரியும். அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரன் வாங்க வாங்க, எடுக்கிறவளின் கை பழகும். கை பழகப் பழகக் கூலி ஏறும். ஏறினது இறங்காது. எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன் சொல்கிறான் என்று நினையாதே. படித்தவன் கணக்குப் போட்டுச் சொல்வதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அஞ்சலாவுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
உன் மாமா
சூ. குருசுமுத்து

*

ஊர்காவற்றுறை
30.3.2003

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மெத்தச் சந்தோஷம். நாங்கள் இரண்டு பேரும் சுகம். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கோ. பனிக்குள் வெளியில் நிற்காதேங்கோ.

கொட்டிலில் முப்பத்திரண்டு பெண்கள் இருக்கிறோம். எழுவைதீவிலிருந்து எட்டுப்பேர் படகில் வருகிறார்கள். படகு பிந்தினால் அவர்களுக்காகப் பார்த்திருந்துதான் தொடங்குவோம். அவித்த நண்டை மேசையில் கொட்டுவார்கள். சின்னக் கத்தியால் ஓட்டைக் கழற்றி, பின்காலடியில் இருக்கிற முழுச் சதைத் துண்டை உடையாமல் எடுக்கவேண்டும். கிலோவுக்கு நூற்றியிருபது ரூபாய்.

நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டுதான் எடுக்கிறோம். பத்து 'அருள் நிறைந்த மரியே' முடிய ஒரு நண்டு முடியும். அதனால் யாரும் முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை. பின்னேரம் தராசில் நிறுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் மூன்று கிலோவுக்குக் கிட்ட வரும். புளியங்கூடல் சத்தியபாமா அக்கா சைவம், அவவும் கூடச் சொல்லுவா. "என்ரை அம்மாளாச்சி கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன். உங்கடை மாதா நண்டு உரிக்கிறதிலை கெட்டிக்காரியடி" என்று சொல்லிச் சிரிப்பா.

குவைத்துக்குப் போகவென்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்த பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிவிட்டேன், மாமா. அஞ்சலாவின் தகப்பன் கடலோடு போய் மூன்று வருஷம். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாயும் விட்டுவிட்டுப் போகிற நிலை வந்துவிட்டதே என்று அழுதுகொண்டிருந்த நேரம் இந்தக் கொட்டில் வந்தது. இது இருக்கும்வரை அவளை விட்டு நான் எங்கும் போகத் தேவையில்லை. படுக்கும்போது என் விரலை மணந்துபார்த்து "அம்மா நண்டு, அம்மா நண்டு" என்று பகிடி பண்ணுகிறாள்.

இப்படிக்கு,
மருமகள் சுகந்தி

*

நீர்கொழும்பு
4.5.2003

அன்புள்ள மருமகளுக்கு,

கொத்தமல்லி குடித்தேன். இருமல் பாதி போய்விட்டது, மீதி என் மதிப்புக்குப் பயந்து ஒளித்திருக்கிறது. உங்கள் சுகத்துக்கு ஆண்டவருக்குத் தோத்திரம்.

உன் கடிதத்தை முதலாளி ஐயாவுக்கு வரிக்கு வரி விளங்கப்படுத்தினேன். அவர் காரில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, "குருசு, உங்கடை ஆக்கள் எத்தினை கிலோ எடுக்கிறது?" என்று என்னைக் கேட்டார். மனேச்சரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். பிறகு உலகம் முழுக்கப் பேசினோம். கப்பல், டொலர், இந்தோனேசியா, உற்பத்தித்திறன். இந்தக் கடைசிச் சொல் உனக்கு விளங்காது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு செய்கிறார் என்பதுதான் அது. நான் சொன்ன ஒரு விஷயத்தை ஐயா கொப்பியில் குறித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று கேட்காதே. பெரிய இடத்துப் பேச்சு கடிதத்தில் வரக்கூடாது.

சீக்கிரம் உங்களுக்கு நல்லது நடக்கும். நான் சொல்லி நடக்காதது உண்டோ?

மாதா துணை.

மாமா
சூ. குருசுமுத்து

*

ஊர்காவற்றுறை
17.8.2003

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகம்தானே. அஞ்சலாவுக்கு ஒரு கிழமை காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாளும் பதில் எழுதாததற்குக் கோபிக்காதேங்கோ. எழுத நல்ல செய்தி ஒன்று வரட்டும் என்று பார்த்திருந்தேன்.

எங்கள் கொட்டிலைப் பார்க்கிற ஏஜன்ட் இராசநாயகம் போன மாதம் எல்லோரையும் கூப்பிட்டு, கிலோவுக்கு இனித் தொண்ணூறு ரூபாய் என்றார். வேறு நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு மலிவு விலையில் தகரத்தில் அடைத்த நண்டு ரின் போகிறதாம், எங்களதை அந்த விலைக்குக் குறைத்தால்தான் வாங்குவார்களாம். முன்பு மூன்று கிலோவுக்கு எடுத்த சம்பளத்துக்கு இப்போது நாலு கிலோ எடுக்கவேண்டும்.

அதோடு விடவில்லை. மேசையில் தட்டிச் சொன்னார்: "பிள்ளையள், இந்தோனேசியாவிலை ஒருத்தி ஒரு நாளைக்கு ஆறு கிலோ எடுக்கிறாள். உங்களைப் போலை அவளுக்கும் ரெண்டு கைதான்."

"அவளுக்கு அடுப்பு, பிள்ளை ஒண்டும் இல்லையோ, இராசநாயகம்?" என்று சத்தியபாமா அக்கா கேட்டா.

"அதை என்னட்டைக் கேளாதேங்கோ அக்கா. மேலிடத்திலை இருந்து வந்த கதை. மார்கழியிலை நத்தாருக்கு முன்னம் ஐஞ்சு எடுக்க ஏலாதவை வேறை வேலை பாக்கவேண்டியதுதான்."

அன்றையிலிருந்து கொட்டிலில் எல்லோர் வாயிலும் அவள்தான். பேர் தெரியாது, ஆறு கிலோக்காரி என்கிறோம். சிலபேர் பொய் என்கிறார்கள். மாமா, நீங்கள் கொம்பனியோடு இருக்கிறவர். அப்படி ஒருத்தி உண்மையாக இருக்கிறாளோ? இருந்தால் எப்படி எடுக்கிறாள் என்று விசாரித்து எழுதுங்கோ. எனக்கு இந்த வேலை போனால் திரும்பவும் ஏஜென்சிக்காரனிடம்தான் போகவேண்டும். பிள்ளைக்கு ஏழு வயது.

நீங்கள் கொம்பனி வாசல் கேற்றடியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறீர்கள் என்று இராசநாயகம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தொப்பி ஒன்று போட்டுக்கொள்ளுங்கோ.

சுகந்தி

*

நீர்கொழும்பு
2.9.2003

அன்புள்ள மருமகளுக்கு,

பேத்தியின் காய்ச்சல் மாறியது கேட்டு நிம்மதி. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

இராசநாயகம் ஒரு வாயாடி. அவர் சொன்னதெல்லாவற்றையும் நம்பாதே. கேற்றைப் பார்ப்பதும் என் பல பொறுப்புகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆறு கிலோக்காரி விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. இருக்கிறாளோ என்றா கேட்கிறாய்? அவளின் படம் ஐயா இருந்து வேலை பார்க்கிற கந்தோர்ச் சுவரில் தொங்குகிறது, நான் போகவர அவள் என்னைப் பார்க்கிறாள். பேர் ரொசாலினா. எங்களைப் போலக் கத்தோலிக்கம். எங்களைப் போலத் தீவுப் பிறப்பு. உன்னைப் போலப் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், இரண்டு பிள்ளை. காதுக்குப் பின்னால் வெள்ளைப் பூ வைத்திருக்கிறாள். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும்.

அவள் எடுக்கிற விதத்தையும் விசாரித்துவிட்டேன். கவனமாய் வாசி. இடது கையில் உறை போடமாட்டாள். இடது பெருவிரல் நகத்தை வளர்த்து வைத்திருக்கிறாள். கத்தியைக் கால்களுக்கு மட்டும்தான் தொடுவாள். ஓட்டுக்குக் கீழே நகத்தை விட்டு ஒரு நெம்பு, முழுத்துண்டு கையில். கத்தியை எடுத்து வைத்து, எடுத்து வைத்துத்தான் நீங்கள் நேரத்தைக் கெடுக்கிறீர்கள். உறை போட்ட விரலுக்குக் கண் இல்லை, வெறும் விரலுக்குக் கண் இருக்கிறது. இது அவளே சொன்னது.

நீ அவளை வெல்லுவாய். நம்முடைய இரத்தம் அப்படி.

மாமா
சூ. குருசுமுத்து

*

ஊர்காவற்றுறை
26.10.2003

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாய் இருக்கிறீர்களா. மழை தொடங்கிவிட்டது, எழுவைதீவுப் படகு சில நாள் வருவதில்லை. இப்போது அவர்களுக்காக நாங்கள் பார்த்திருப்பதும் இல்லை.

நீங்கள் எழுதியபடியே செய்து பார்த்தேன். முதல் கிழமை மூன்றரை. பிறகு நாலு. போன வெள்ளி நாலே முக்கால். இராசநாயகம் என்னை மற்றவர்களுக்குக் காட்டி, "இவவைப் பாருங்கோ, இவவும் ஊர்காவற்றுறைத் தண்ணிதானே குடிக்கிறா?" என்றார். அதன் பிறகு பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னோடு கதைப்பதில்லை. ஒருத்தி, "உன்ரை மாமான்ரை கடிதத்தை அடுப்பிலை போடடி, எங்களுக்கும் சேத்து வினை விதைக்கிறாய்" என்றாள்.

செபமாலை நின்றுவிட்டது. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. வாய் சொல்லத் தொடங்கினால் கை அதோடு போய்விடுகிறது. இப்போது ஓடு உடைகிற சத்தம் மட்டும்தான்.

அந்த ரொசாலினாவை நான் அடிக்கடி நினைக்கிறேன். களைத்துப்போனால், அவளும் இந்நேரம் இப்படித்தான் குனிந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று தெரியுமோ?

பெருவிரலில் நண்டு முள்ளுக் குத்திச் சின்ன வீக்கம். பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுக்கும் இப்படி வருமோ, வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டு எழுதுங்கோ.

சுகந்தி

*

நீர்கொழும்பு
15.11.2003

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். உங்கள் சுகமே என் சுகம்.

நாலே முக்கால் என்று வாசித்ததும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நான் சொன்னனான் என்றேன்.

வீக்கத்துக்குப் பயப்படாதே. அவளுக்கும் முதலில் அப்படித்தான் வந்ததாம். சுடுதண்ணியில் உப்புப் போட்டு விரலை வைத்துவிட்டு அடுத்த நாளும் வேலைக்குப் போனாளாம். வீங்கி வற்றினால் தோல் தடிக்கும், பிறகு முள் ஏறாது. பிள்ளைகளை அவளின் சகோதரி பார்க்கிறாள்.

இன்னும் கால் கிலோதான். நத்தாருக்கு முன்னம் ஐந்து எடுத்துவிட்டால் உன்னை ஒருவரும் அசைக்க ஏலாது. ஐயாவோடு கதைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மாமா
சூ. குருசுமுத்து

*

யாழ்ப்பாணம்
11.1.2004

மதிப்புக்குரிய குருசுமுத்து அண்ணைக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் புளியங்கூடல் சத்தியபாமா. சுகந்தி சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். அவள் சொல்லாத சிலதையும் சேர்த்து எழுதுகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டமாட்டேன்.

நத்தாருக்கு ஐந்து நாள் முன்னம் அவள் ஐந்து கிலோ எடுத்தாள். இராசநாயகம் கரும்பலகையில் அவள் பேரைச் சோக்கால் எழுதினார். அடுத்த நாள், ஒருத்திக்கு ஏலுமென்றால் எல்லோருக்கும் ஏலும், புது வருஷத்திலிருந்து ஐந்தரை என்றார். பதினொரு பேரை நிறுத்தினார்கள். நானும் ஒருத்தி.

அவளின் விரல் ஐப்பசியிலிருந்தே வீங்கித்தான் இருந்தது. துணி சுற்றி ஒளித்துக்கொண்டு வேலை செய்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவம் வாடி" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, அவளுக்கும் இப்பிடி வந்து மாறினது, மாமா எழுதியிருக்கிறார்" என்றாள். நத்தார்ப் பூசையில் மயங்கி விழுந்தாள். இங்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது விரல் கறுத்துவிட்டது. இடது பெருவிரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். கையைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்றார் டொக்டர். காய்ச்சல் இன்னும் விட்டுவிட்டு வருகிறது. கொட்டிலில் அவளுடைய இடத்தில் வேறு பெண் இருக்கிறாள். அஞ்சலா இப்போது என் வீட்டில்.

இனி அவள் சொல்லுவது:

மாமா, என்னைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. ரொசாலினாவின் விலாசத்தைக் கந்தோரில் கேட்டு அனுப்புங்கோ. எங்களுக்கு ஐந்தரை என்றால் அவளுக்கு ஏழு கேட்டிருப்பார்கள். உறையைப் போட்டுக்கொள், நகத்தை வெட்டு, ஆறுதலாக எடு என்று அவளுக்கு எழுதவேண்டும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பாதர் யாரையாவது பிடித்து மாற்றி எழுதுவிப்பேன். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

இவ்வளவுதான் அண்ணை அவள் சொன்னது.

சத்தியபாமா

*

நீர்கொழும்பு
1.2.2004

அன்புள்ள மருமகளுக்கு,

சத்தியபாமாவின் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. நான் நகத்தை வளர்க்கச் சொன்னேனே தவிர...

அந்த விலாசம் ஐயாவின் அலுமாரிக்குள் இருக்கிறது. ஐயா வெளிநாடு போயிருக்கிறார். வந்ததும் பார்க்கலாம். நீ இப்போது அதையெல்லாம் யோசிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. மருந்தை விடாதே.

மாமா

*

கொழும்பு
14.3.2004

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இப்போது சுகம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது, உங்களுக்குத்தான் ஏதும் வருத்தமோ என்று பயந்தேன்.

குவைத்துக்கு மெடிக்கலில் என்னைக் கழித்துவிட்டார்கள். அஞ்சலாவைச் சிஸ்டர்மாரின் மடத்தில் விட்டுவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்து உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. சிஸ்டர், "பாருங்கோ, எவ்வளவு கெட்டிக்காரி" என்றா. போன மாதம் தொடங்கி வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருக்கிறேன். அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை, ஆறு வயது. குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வேலை. இடுப்பில் வைத்திருக்க இடது கை சரியாகப் பிடிக்காது, வலது கையால் சமாளிக்கிறேன்.

வாற ஞாயிறு எனக்கு லீவு. நீர்கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தானாம். விலாசம் இன்னும் கிடைக்காவிட்டாலும் காரியமில்லை. கந்தோர்ச் சுவரில் இருக்கிற அவளின் படத்தை ஒருமுறை பார்க்க ஆசை. இவ்வளவு நாளும் என்னோடு பக்கத்தில் இருந்து வேலை செய்தவள் போலத்தான் எனக்கு அவள். மத்தியானம் வருவேன். உங்களுக்கு என்ன கறி கொண்டுவர?

சுகந்தி

*

நீர்கொழும்பு
17.3.2004

அன்புள்ள மருமகள் மேரிசுகந்திக்கு,

நான் சுகம். இருமலும் இல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சாட்டுச் சொன்னதாக இருக்கக்கூடாது.

நான் எழுதினதெல்லாம் பொய் என்று நினையாதே. விலை விழுந்தது உண்மை. வெளிநாட்டிலிருந்து மலிவான ரின் போனது உண்மை, லொறிக்காரர் கதைத்ததை நானே கேட்டேன். அதனால் உங்கள் கூலி எப்படியும் குறைந்துதான் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் சொன்னதும் உண்மை, நாற்பது பேர் இல்லை, மூன்று பேர். கூலி ஏறினால் இறங்காது என்றது எனக்குத் தெரியாமல் சொன்னது.

மே மாதம் ஐயா கேற்றடியில் காரை நிறுத்தி எத்தனை கிலோ என்று கேட்டார் அல்லவா? நீ எழுதினபடி மூன்று என்றுதான் சொன்னேன். "மூண்டுதானா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. நான் கப்பலில் போன காலத்தில் இந்தோனேசியாவில் ஆறு கிலோ எடுக்கிற பெண் ஒருத்தியைக் கண்டனான் என்றேன். அவளுக்கு அங்கே நல்ல சம்பளம், எங்கள் பிள்ளைகளுக்கும் கூட்டிக் கொடுத்தால் அவர்களும் எடுப்பார்கள் என்று சொல்லவந்தேன். மாதா ஆணை, அதைத்தான் சொல்லவந்தேன். ஆறு என்றதோடு அவர் குறித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார். கார் போய்விட்டது. மிச்சத்தை நான் புழுதிக்குச் சொன்னேன்.

ஆவணியில் நீ எழுதியபோது அந்த ஆறு கிலோக் கதை என் வாயிலிருந்து போனதென்று எனக்குத் தெரிந்தது. ஒரு கடிதத்தில் முடித்திருக்கலாம். நீயோ என்னைக் கொம்பனியோடு இருக்கிறவர் என்று எழுதியிருந்தாய். பேர் வைத்தேன், பூ வைத்தேன், பிள்ளை கொடுத்தேன். நகமும் நான் வைத்ததுதான். உப்புத்தண்ணியும்.

நான் கப்பலில் போனவன் இல்லை, பிள்ளை. கந்தோருக்குள் ஒருநாளும் போனவனும் இல்லை, அந்தச் சுவர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு வருவதும் விடுவதும் உன் விருப்பம். நான் கேற்றடியில் நிற்பேன். வந்தால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உறையைப் போடச் சொல்லி நீ எழுத நினைத்தவள் எந்தத் தீவிலும் இல்லை. ஆறு கிலோ எடுத்தவள் ஒருத்தியும் இல்லை. ஐந்து எடுத்தவள் ஒருத்தி இருந்தாள்.

குருசுமுத்து